கோயில் கிடாவுக்கு ரத்தம் எடுத்த கதை

ஆட்டு ரத்தத்தை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இந்த அனுமதி, அந்த அனுமதி என்று இழுத்தடித்துவிடுவார்கள். மனுஷி உள்ளே வருவது அதைவிட எளிது. அதனால் சேலத்து ரத்தம் மலேசியாவின் ஈப்போவுக்கு வரவில்லை, ஈப்போவிலிருந்து நான் சேலத்துக்கு வந்தேன்.

என் வேலை ஆட்டின் மரபணுக்களைப் படிப்பது. கேட்கப் பெரிதாக இருக்கும். குளிரூட்டிய அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகிற ஒரு நீளமான சங்கதியைப் படித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்து. அதை முப்பது ஜோடிக் குரோமோசோம்களாகச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் திணித்து வைத்திருக்கிறது இயற்கை. மனிதனுக்கு இருபத்து மூன்று ஜோடிதான். ஆட்டுக்கு நம்மைவிட அதிகம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்னமும் நம்புவதில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் உயிருள்ள ஆட்டைத் தொட்டது கிடையாது. குழம்பில் தொட்டிருக்கிறேன்.

மலர்விழி நாமக்கல்லில் ஒரு கால்நடை ஆய்வகத்தில் டாக்டர். கணினித் திரையில்தான் எங்களுக்குள் பழக்கம். சேலத்துக் கருப்பு வெள்ளாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். கருகருவென்று, வேறு நிறம் ஒரு பொட்டுகூட இல்லாத ஆடு. ஓமலூர்ப் பக்கமும் அதற்கு மேற்கேயும் இருக்கிறது. "கருப்பு ஆட்டுக்கு எதற்கு வெள்ளாடு என்று பெயர்?" என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க, வந்து பாருங்க" என்றாள். வந்துவிட்டேன்.

சேலத்தில் இறங்கியதும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு தள்ளுவண்டி முன்னால் காரை நிறுத்தினாள். தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவில் பீட்ரூட், காரட் துருவல், வெங்காயம், இரண்டு விதச் சட்னி. நான் நாகரிகமாகப் பாதி கடித்தேன். மீதிப் பாதி உடைந்து என் வெள்ளைச் சட்டையில் பீட்ரூட்டோடு இறங்கியது.

"ஒரே வாயில போடணும்ங்க. கடிச்சா இப்படித்தான்" என்றார் கடைக்காரர். "எந்த ஊருங்க நீங்க? நியூஸ் படிக்கிற மாதிரி பேசறீங்க."

மலேசியா என்றேன். அங்கே தட்டுவடை செட் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றதும் அவர் முகத்தில் உண்மையான பரிதாபம் தெரிந்தது. கேட்காமலே இன்னொரு செட் வைத்தார். முளைப்பயறோடு பரிமாறும் ஈப்போவின் தவ்கே கோழியைப் பற்றி, வெள்ளைக் காப்பியைப் பற்றி நானும் பெருமையாகப் பேசக்கூடியவள்தான். வாய் நிறையத் தட்டுவடை இருந்ததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் ஊருக்குப் போனோம். ஓமலூருக்கும் எடப்பாடிக்கும் இடையில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வழியெல்லாம் மரவள்ளிக் காடு, நடுநடுவே மாந்தோப்பு. எந்தத் தெருவில் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். ஈப்போவில் எங்கள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தமாகப் போனாலே நான் ஜன்னலைத் திறந்து திட்டுவேன். இங்கே இந்தத் தடதடப்பில் தொட்டிலில் குழந்தை தூங்குகிறது.

நாங்கள் போய் இறங்கியது பழனியம்மாள் வீட்டில். நாற்பதைத் தாண்டியவர். கணவர் போர்வெல் ரிக் லாரியில் வேலை பார்க்கிறார். அப்போது வடக்கே ஏதோ மாநிலத்தில் குழி போட்டுக்கொண்டிருந்தார். மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இவரும் ஆடுகளும்தான். சில மாதங்களுக்கு முன்பு மலர்விழி இந்த ஊர் ஆடுகள் பலவற்றிடம் ரத்தம் எடுத்துப் போயிருந்தாள். விடுபட்டுப்போன ஆடுகளுக்காக இப்போது வந்திருந்தோம்.

"ஒறம்பரை வந்துட்டு வெளிய நின்னா எப்படிங்க? உள்ள வாங்க" என்றார் பழனியம்மாள். ஒறம்பரை என்றால் விருந்தாளி என்று மலர்விழி காதில் சொன்னாள். "ஏனுங்கக்கா, மலேசியாவுல ஆடு இருக்குதுங்களா?"

"இருக்கிறது. நான்தான் பார்த்ததில்லை" என்றேன்.

"ஆட்டு டாக்டருன்னாங்க?"

"ஆட்டின் எழுத்தைப் படிப்பவள்."

பழனியம்மாள் மலர்விழியைப் பார்த்தார். மலர்விழி கண்ணாலேயே ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு என்னை யாரும் ஆட்டு டாக்டர் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டைப் பிடிக்கும் வேலை மட்டும் எனக்குத்தான் கிடைத்தது.

ரத்தம் எடுப்பது கழுத்து நரம்பில். ஆட்டின் தலையைத் தூக்கி, கால்களுக்கு நடுவில் உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் ஆடு என்னை அந்தப் பட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்ட வைத்தது. திரையில் நான் இதன் பூட்டன் பாட்டன் வரை படித்திருக்கலாம். அதற்கு அது தெரியவில்லை. பழனியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காதைப் புடிக்காதீங்கக்கா, கோவம் வரும். தாடையத் தாங்கிப் புடிங்க, சாமி மாதிரி நிக்கும்" என்றார். நின்றது.

மத்தியானம் அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த சாதம், மேலே நெய், பக்கத்தில் கத்திரிக்காய்ப் பொரியல். எங்கள் ஊரில் இதையே சட்டியில் போட்டு ஒரு சீனப் பெயர் வைத்தால் வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். மூன்றாவது முறை நானே கரண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் தெருப்பக்கம் மணிச் சத்தம் கேட்டது.

கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கிடா, நெற்றியில் குங்குமம், கழுத்தில் மணியோடு வந்தது. எதிரே வந்த மினி பஸ் நின்று, அது கடக்கும்வரை காத்திருந்தது. டீக்கடைக்காரர் ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். அதைத் தின்றுவிட்டு நேராகப் பழனியம்மாள் வாசலுக்கு வந்து தலையை நீட்டியது.

"இவந்தான் ராசு. முனியப்பன் கோயில் கெடா" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

இந்த ஊரின் வழக்கம் இப்படி. முனியப்பனுக்கு ஒத்தக் கருப்பில் ஒரு கிடாவை நேர்ந்து விடுவார்கள். மற்ற ஊர்களில் நோம்பியன்று, அதாவது திருவிழாவன்று, வெட்டிவிடுவார்கள். இங்கே வெட்டுவதில்லை. அது எந்தக் காட்டிலும் மேயலாம், யாரும் விரட்டக்கூடாது. எந்தப் பட்டிக்குள்ளும் போகலாம். ஊரில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்தான். வயதாகிச் செத்தால் மாலை போட்டுப் புதைப்பார்கள். அடுத்த கிடாவை ஊருக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து எடுப்பார்கள். அப்படி எடுக்கப்படுவது அந்த வீட்டுக்குப் பெரிய பெயர். ராசு பழனியம்மாள் பட்டியில் பிறந்தவன்.

என் தொழில் மூளை உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அப்பனும் ஊருக்குள், பாட்டனும் ஊருக்குள். சொந்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிற ரத்தம். "அழகான ஆடு" என்று மட்டும் சொன்னேன்.

"இன்னும் எத்தனை நாளைக்குன்னு தெரியலீங்கக்கா" என்றார் பழனியம்மாள்.

விஷயம் இதுதான். பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமியின் ஆடு மேய்ச்சல் காட்டில், எல்லார் கண்ணெதிரிலும் ஒரு குட்டி போட்டது. குட்டி செவலை, செங்கல் நிறம். கருப்புக் கிடாவுக்கும் கருப்பு ஆட்டுக்கும் செவலை பிறந்தால் அது சாமி குத்தம் என்று ஊரில் நம்பிக்கை. சின்னுசாமி கோயிலில் போய்ச் சொல்லிவிட்டார்: ராசு சுத்தக் கருப்பு இல்லை, பழனியம்மாள் தெரிந்தே வெளி ஆட்டுக் கலப்பைச் சாமிக்கு விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடிப் பேசுவதாக முடிவு. ராசு கலப்பு என்று ஆகிவிட்டால் மணியைக் கழற்றிச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். சந்தையில் அந்த எடைக்கு ஒரே ஆள்தான் வருவான், கசாப்புக் கடைக்காரன்.

"சந்தைக்குப் போறதுகூட ஒரு பக்கம் இருக்கட்டுங்க. சாமியவே ஏமாத்துனவளுன்னு சொல்றாங்க பாருங்க. என்ற புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப இதத்தானே பேசுவாங்க" என்றார். பிறகு மலர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ராசுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டரம்மா. அவன் சுத்தக் கருப்புன்னு உங்க மெசினு சொல்லட்டும்."

நான் இடையில் புகுந்து, முழு ஜீனோமைப் படிக்க மாதக்கணக்கில் ஆகும், அரைகுறையாக எதையும் சொல்லக்கூடாது என்று நியாயம் பேசினேன். மலர்விழி என்னை முறைத்தாள். நிறத்துக்கான இடம் எது என்று போன முறையே கண்டுபிடித்துவிட்டாளாம். அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்க இரண்டு நாள் போதுமாம். கலப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாமாம். ராசுவின் தாடையை நான்தான் தாங்கிப் பிடித்தேன். அவன் என் சட்டையில் துவைத்தும் போகாத பீட்ரூட் கறையை நக்கிக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து நாமக்கல்லுக்குக் கிளம்பினோம். சேலம் தாண்டி, பனமரத்துப்பட்டிக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியில் ஐஸ் இளக ஆரம்பித்தது. மலர்விழி ரோட்டுக்கு நடுவில் போய் நின்று கையை ஆட்டினாள். எங்கோ முட்டை இறக்கிவிட்டுக் காலி அட்டைகளோடு திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்று நின்றது.

"ஏறுங்க, நாமக்கல்தான் போறேன்" என்றார் டிரைவர். மடியில் என்ன பெட்டி என்று கேட்டார். ஆட்டு ரத்தம் என்றேன். பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பொரியலுக்குங்களா?" என்றார். இல்லை, ஒரு கிடா தப்புச் செய்ததா இல்லையா என்று பார்க்க என்று விளக்கினேன். "கேஸா?" என்றார். ஒருவிதத்தில் அப்படித்தான் என்று மலர்விழி சொன்னாள். அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். மேடு பள்ளம் எதுவும் பார்க்கவில்லை. அட்டைகள் காலியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இறங்கும்போது, "கெடா பொழச்சுக்கும்ங்க, கவலைப்படாதீங்க" என்று எங்களுக்கே தைரியம் சொன்னார்.

நாமக்கல்லில் மூன்று வேளையும் முட்டை சாப்பிட்டேன். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் பாதி முட்டைதான் வைப்பார்கள், அதற்கே சண்டை வரும். மலர்விழியின் அம்மா முட்டையைக் குழம்பில் போட்டார், பணியாரத்தில் ஊற்றினார், கடைசியில் வெறுமனே அவித்தும் வைத்தார். ஆய்வகத்தில் மலர்விழி வேலை செய்வதை நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, முந்நூறு கோடி எழுத்தில் தனக்கு வேண்டிய துளி இடத்தை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து, அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ராசுவிடம் வெளிக் கலப்பு துளிகூட இல்லை. அசல் இந்த ஊர் ஆடு. ஆனால் நிறத்தின் இடத்தில் அவனிடம் இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்று கருப்பு, ஒன்று சிவப்பு.

"போச்சு" என்றேன்.

மலர்விழி பேசாமல் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். போன முறை எடுத்த ஆடுகள். ஆட்டுக்காரர் பெயர் இல்லை, எண்தான். எந்த எண் யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு பட்டி பாக்கியில்லாமல் ஊர் முழுக்க அந்தச் சிவப்பு ஒளிந்துகொண்டிருந்தது. சின்னுசாமியின் ஆடுகளிலும்தான். ஆனால் அதை நாங்கள் வெளியே சொல்ல முடியாது. யார் ஆட்டில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் ரத்தம் எடுத்திருந்தாள். ராசுவின் சோதனை முடிவைப் பழனியம்மாளிடம் மட்டும் சொல்லலாம், அவர் கேட்டதால்.

சனிக்கிழமை சாயங்காலம், பழுது பார்த்து வந்த காரில் ஊருக்குப் போனோம். பழனியம்மாள் மோட்டார் போட்டுவிட்டு வந்து தலைவாசலில் உட்கார்ந்தார். மலர்விழிக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் சொல்கிறேன் என்று முந்திக்கொண்டு ஆரம்பித்து, ஒடுங்கு பண்பு, ஓங்கு பண்பு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தை ஒப்பித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை என்று எனக்கே தெரிந்தது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போது கிணற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் என் கண்ணில் பட்டது. "இந்தக் கிணறு உங்களுடையதா?" என்று கேட்டேன்.

"கூட்டுக் கெணறுங்கக்கா. எங்களுக்கும் சின்னுசாமியண்ணனுக்கும் பொது. மோட்டாரு ஒண்ணு, சுவிட்சு ரெண்டு ஊட்டுலயும் இருக்குது. யாரு போட்டாலும் தண்ணி வரும்."

"ரெண்டும் ஆஃபில் இருந்தால்?"

"வராதுங்க."

"ஆட்டுக்கும் அப்படித்தான். கருப்புச் சாயம் செய்யச் சொல்லும் சுவிட்ச் ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு. ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தா கொடுத்தது. ஒன்று போட்டிருந்தால் போதும், ஆடு கருப்பு. ரெண்டும் ஆஃபில் இருந்தால்தான் செவலை. ராசுவுக்கு ஒன்று போட்டிருக்கிறது, ஒன்று ஆஃப். அதனால் பார்க்கக் கருப்பு. ஆனால் பிள்ளைக்கு அந்த ஆஃபையும் கொடுத்துவிடலாம்."

பழனியம்மாள் மோட்டார் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப என்ற ராசு மேல குத்தம் இருக்குதுதானுங்களா?"

"குத்தம் இல்லீங்க" என்றாள் மலர்விழி. "இருந்தாலும் பாதிதான்."

"பாதிக் குத்தத்துக்கு முழுக் கெடாயையுந்தானே சந்தைக்கு ஓட்டுவாங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மீதி பாதி எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். சட்டென்று கேட்டார்.

"அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை" என்றேன். அந்த நிமிஷம் என் தொழில் எனக்குக் கசந்தது.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். எங்களுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முனியப்பன் கோயில். பெரிய மீசையும் ஓங்கிய கத்தியுமாகச் சாமி வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார். பந்தல்காரரிடம் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும். பெண்கள் ஓரமாகச் சிமெண்டுத் தரையில். எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள். நான் பழனியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ராசு யாருடைய விவகாரமோ என்பதுபோலச் சாமிக்கு முன்னால் கிடந்த மாலையைத் தின்றுகொண்டிருந்தான்.

மலர்விழி பழனியம்மாளிடம் கேட்டுக்கொண்டு எழுந்து, ராசுவிடம் வெளி ஆட்டுக் கலப்பு எதுவும் இல்லை என்று சொன்னாள். ஒரு சலசலப்பு எழுந்தது. சின்னுசாமி எழுந்தார். நெட்டையான ஆள், தோளில் துண்டு. கோபக்காரர் மாதிரி தெரியவில்லை. பயந்தவர் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

"அதெல்லாம் இருக்கட்டுங்க டாக்டரம்மா. என்ற ஆடு செவலை போட்டுச்சு, ஊரே பாத்துச்சு. கெடாயில செவப்பு இருக்குதா, இல்லியா? அத மட்டுஞ் சொல்லுங்க."

பொய் சொல்ல மலர்விழியால் முடியாது. உண்மையில் பாதியைச் சொன்னால் ராசு போனான். மறு பாதியைச் சொல்ல அனுமதி இல்லை. பக்கத்தில் சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. பழனியம்மாள் எழுந்து நின்றார்.

"இருக்குதுங்கண்ணா" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ராசுக்குள்ள செவப்பு இருக்குது. ஒத்துக்கறேன். எனக்கே நேத்துத்தான் தெரியும். சாமி முன்னால நின்னு சொல்றேன், தெரிஞ்சு நான் உடல." சின்னுசாமி பக்கம் திரும்பினார். "ஆனா நம்ம கூட்டுக் கெணத்துல ரெண்டு சுவிட்சு இருக்குதுங்களே, அந்தாட்டந்தானாம் இதுவும். ஒரு சுவிட்சு போட்டிருந்தாலே குட்டி கருப்பாத்தான் பொறக்குமாம். ரெண்டும் ஆஃபா இருந்தாத்தான் செவலை வருமாம். ஒரு சுவிட்சு கெடாயோடது. இன்னொண்ணு தாயாட்டோடது. என்ற சுவிட்சு ஆஃபுதானுங்கண்ணா. உங்க குட்டி செவலையாப் பொறந்திருக்குதே, அப்ப உங்கூட்டுச் சுவிட்சு?"

மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள், நானும். எங்கள் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம்.

"இது ராசு ஒருத்தனால வந்ததில்லீங்க" என்றார் பழனியம்மாள், இப்போது பூசாரியைப் பார்த்து. "அவங்கப்பனும் இந்த ஊர்க் கெடாதான், பாட்டனும் இந்த ஊர்க் கெடாதான். எங்கூட்டுல போன வருசம் செவலை பொறந்துச்சு. மானம் போயிருமேன்னு எடப்பாடிப் பக்கம் கொண்டுபோய் வித்துட்டு வந்தேன். இதுதான் நாஞ் செஞ்ச தப்பு. என்னாட்டம் வேற யாராச்சும் செஞ்சீங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்."

உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வீடு செவலை பிறந்திருக்கிறது. ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் சாமி குத்தம் என்று நினைத்து, குட்டியை யாருக்கும் தெரியாமல் வெளிச் சந்தையில் தள்ளிவிட்டிருக்கிறது. சிவப்பாகத் தெரிந்ததை விற்றார்கள், சிவப்பை ஒளித்து வைத்திருந்த கருப்பைப் பட்டியிலேயே வளர்த்தார்கள். அந்தச் சிவப்பு ஒருநாளும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஜீனோமைப் படிக்கிற எங்களுக்கு இது புதிதில்லை. ஆனால் இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் தரையைப் பார்ப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பூசாரி தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சுத்தான் சொல்லோணும். நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டார். கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் கலைந்தது. தோற்றுவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். சொந்த வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று, இனி என்ன இருக்கிறது.

அன்று பழனியம்மாள் வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் காலை எனக்கு ஊர் திரும்ப வேண்டும். பையைக் காரில் வைத்தாயிற்று. மலர்விழி அவரிடம் வேறு ஊர்க் கிடாவை வரவழைத்து வம்சத்தில் புது ரத்தம் சேர்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தோன்றவில்லை. கண் கோயில் பக்கமே இருந்தது.

தோட்டத்து வரப்பில் சின்னுசாமி வந்தார். தோளில் துண்டு இல்லை. துண்டு அவர் கையில், எதையோ சுற்றிப் பிடித்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்றார். பழனியம்மாள் எழுந்து நின்றார், வாங்க என்று சொல்லவில்லை.

"டாக்டரம்மா" என்றார், மலர்விழியைப் பார்த்து. "நீங்க கெளம்பறதுக்குள்ள இதுக்கும் ரத்தம் எடுத்துக்கங்க."

துண்டை விலக்கினார். உள்ளே ஒரு குட்டி. செங்கல் நிறம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லக் கத்தியது.

"இது காட்டுல பொறந்ததுங்களா?" என்று மலர்விழி கேட்டாள்.

"இல்லீங்க. அத அன்னிக்கே வித்துட்டேன். இது வேற." அவருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "பொறந்து கொஞ்ச நாளாச்சு. ஊட்டுக்குள்ளார கூடையில கவுத்தி வெச்சிருந்தோம்." பிறகு முதல் தடவையாகப் பழனியம்மாளைப் பார்த்தார். "பூசாரிகிட்டச் சொல்லீட்டு வாரேன் புள்ள. கெடா இருக்கட்டும்னு. எனக்கு முன்னாலயே நாலஞ்சு பேரு போய்ச் சொல்லியிருக்கறாங்க."

இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்ததைப் பழனியம்மாள் இப்போது கேட்டுவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்டால் நியாயம்தான், நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவர் படி இறங்கிப் போய்க் குட்டியைக் கையில் வாங்கினார். அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒட்டிக் கிடந்தது.

"கூடையிலயே இருந்திருக்குதே" என்றார். "பால் குடிச்சுதாங்கண்ணா இது?"